‘எங்களைப் பற்றி’: முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்கு எழுதும் பக்கம்

பெங்களூரு லால்பாக் ரோட்டில் உள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸில், அதாவது எம்.டி.ஆரில், ஒரு காலத்தில் சாப்பிட வருகிறவர்கள் சமையலறை வழியாகத்தான் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போக வேண்டும். அடுப்பும் மாவும் பாத்திரம் கழுவும் இடமும் கண்ணில் பட்ட பிறகுதான் மேசை கிடைக்கும். அந்த உணவகத்தை நடத்திய யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தவர். பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் முறையை இங்கே கொண்டுவந்தார். ‘நாங்கள் சுத்தமானவர்கள்’ என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தால் யாரும் அதை நின்று படித்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டதால் நம்பினார்.

இணையதளத்தில் வியாபாரம் செய்கிறவருக்கு அந்தச் சமையலறை வழிதான் ‘எங்களைப் பற்றி’ பக்கம். வாடிக்கையாளர் பொருளைப் பார்த்துவிட்டார், விலையையும் பார்த்துவிட்டார். பணம் அனுப்பும் முன் ஒரு தயக்கம் வருகிறது. யார் இவர்கள்? கடை நிஜமாகவே இருக்கிறதா? ஏதாவது தகராறு வந்தால் யாரைக் கூப்பிடுவது? அந்தத் தயக்கத்தோடுதான் அவர் இந்தப் பக்கத்தைத் தட்டுகிறார். அங்கே பெரும்பாலான சிறு கடைகள் அவருக்குக் கொடுப்பது தற்புகழ்ச்சியை. இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: படிக்கிறவர் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரங்களால் இந்தப் பக்கத்தை நிரப்புங்கள்.

யார் படிக்கிறார்கள்?

சொந்த ஊரில் கடை வைத்திருந்தால் இந்தப் பக்கம் தேவைப்படாமல்கூடப் போகலாம். ‘இன்னாருடைய பையன் கடை’ என்ற ஒரு வார்த்தை போதும். பெங்களூருவில் அந்த வசதி கிடையாது. வொயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் கோயம்புத்தூரிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ இரண்டு வருடம் முன்பு வந்தவராக இருப்பார். சிக்பேட்டையில் எது பழைய கடை, எது நேற்று முளைத்தது என்று அவருக்குத் தெரியாது. இந்த ஊர்ப் போக்குவரத்தில் அரை நாள் செலவழித்து நேரில் வந்து பார்க்கவும் போவதில்லை. உங்களைப் பற்றி அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

வாங்குகிறவர் மட்டும் படிப்பதில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் நான்கு சி.என்.சி. இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையின் தளத்தைத் திறப்பது பெரும்பாலும் ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி. உங்கள் தாத்தாவின் கனவைப் படிக்க அவருக்கு நேரமில்லை. என்னென்ன இயந்திரம் இருக்கிறது, எவ்வளவு பெரிய உருப்படி வரை பிடிக்க முடியும், எந்த அளவு துல்லியம் வரும், அளந்து பார்க்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் யார் கொடுத்தது, எதுவரை செல்லும் என்பவைதான் அவருக்குத் தேவை. கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி அதிகாரி இந்தப் பக்கத்தை ஒரு முறை பார்ப்பார். வேலைக்கு வர நினைக்கும் இளைஞரும் பார்ப்பார். ஆகவே எழுத உட்காரும் முன், உங்கள் தளத்துக்கு அதிகம் வருகிறவர் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவருக்காக எழுதினால் போதும், மற்றவர்களும் தமக்கு வேண்டியதை அதிலேயே எடுத்துக்கொள்வார்கள்.

கூகுள் தன் தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிட ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கு அது வெளியிட்டிருக்கும் கையேட்டில், ஒரு தளத்துக்கு யார் பொறுப்பு, அவர்களைத் தொடர்புகொள்ள வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் அந்தக் கையேட்டின் அளவுகோல்களோடு ‘அனுபவம்’ என்பதும் சேர்ந்தது. தேடலில் முன்னால் வருவதற்கென்று இந்தப் பக்கத்தில் தனி வித்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை. மனிதர்களுக்கு வேண்டிய விவரங்கள் இருந்தால் கூகுளுக்கு வேண்டியதும் அதிலேயே இருக்கும்.

அடித்துவிட வேண்டிய வரிகள்

‘தரமே எங்கள் தாரக மந்திரம்.’ ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்.’ ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் இடம்.’ ‘நியாயமான விலையில் உலகத் தரம்.’ உங்கள் பக்கத்தில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் மனதார நம்பித்தான் எழுதியிருப்பார். சிக்கல் என்னவென்றால், இதே வரி எதிர்க்கடைக்காரர் தளத்திலும் இருக்கிறது. ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். உங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டு, அதே தெருவில் உள்ள போட்டிக் கடையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் அதை அடித்துவிடுங்கள். அநேகமாகப் பாதிப் பக்கம் காலியாகும். பயப்பட வேண்டாம், காலியான இடத்தில்தான் சரக்கை வைக்கப்போகிறோம்.

உணவுப் பொருள் விற்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இயற்கையானது, புத்தம்புதியது, சுத்தமானது, அசல், பாரம்பரியமானது ஆகிய சொற்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிமுறைகளில், இவற்றை எந்த நிலையில் சொல்லலாம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ‘கர்நாடகத்தின் நம்பர் 1’ என்று போட்டுக்கொள்வதும் வம்புதான். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, சொல்வதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. முதலிடம் என்று யார் அளந்து சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

முதலில் பேசவிடுங்கள்

கடைக்காரரிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னால் திருமண அழைப்பிதழ் நடை வந்துவிடுகிறது. அதே மனிதர் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசும்போது எவ்வளவு துல்லியமாகப் பேசுகிறார்! அந்தப் பேச்சைத்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் மகனோ மகளோ, இல்லையென்றால் நம்பிக்கையான ஊழியர் ஒருவரோ, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்கட்டும். சிவாஜிநகர் பக்கம் ஒரு காபிப் பொடிக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் கேட்கிறாள்:

“நம்ம கடைப் பொடி எதனாலப்பா நல்லா இருக்கு?”

“தரமான பொருள்மா, அதான்.”

“தரம்னா? நீங்க என்ன பண்றீங்க, அதைச் சொல்லுங்க.”

“காலையில வறுக்கறேன். வறுத்த உடனே அரைக்க மாட்டேன், நல்லா ஆறணும். ஆர்டர் வந்தாத்தான் அரைக்கிறதே. முன்னாடியே அரைச்சு டின்ல கொட்டி வெச்சா வாசனை போயிடும்.”

“சிக்கரி?”

“எவ்வளவுன்னு கேட்டா சொல்லிடுவேன், மறைக்கிறதில்ல. பாதிக்குப் பாதி போட்டுக் குடுங்கன்னு சில ஓட்டல்காரங்க கேப்பாங்க. நான் தர்றதில்ல. அந்த ஆர்டர் போனாப் போகட்டும்.”

முதல் பதிலில் ஒன்றுமே இல்லை. ‘என்ன பண்றீங்க’ என்று இரண்டாம் முறை கேட்டதும் வேலை வெளியே வந்தது. கடைசி பதிலில் வந்தது தங்கம். ஒரு கடைக்காரர் எதைச் செய்ய மறுக்கிறார் என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும், ஏனென்றால் மறுப்புக்கு ஒரு விலை கொடுத்திருப்பார். அவர் மறுப்பில் சட்டமும் இருக்கிறது. காபி, சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், கலவையின் விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பதும் நம் நாட்டு உணவு விதி. படிக்கிறவர் பாக்கெட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்து, கடைக்காரர் சொன்னதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. இந்தத் தொழிலுக்கு வரும் முன் என்ன செய்தீர்கள்? முதல் கடை எங்கே இருந்தது, ஏன் மாற்றினீர்கள்? வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகம் எது? எந்தப் பொருளைத் திருப்பி அனுப்பினீர்கள்? பதில் ‘அது வந்து...’ என்று இழுக்க ஆரம்பித்தால் விடாமல் கேளுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

எழுதிப் பார்ப்போம்

அந்தக் கடையின் தளத்தில் முன்பு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

‘பல ஆண்டு பாரம்பரியம் மிக்க எங்கள் நிறுவனம், காபிப் பிரியர்களின் மனம் கவர்ந்த நறுமணத்தை வழங்குவதில் தனி முத்திரை பதித்துள்ளது. தரத்தில் சமரசம் இல்லை என்பதே எங்கள் கொள்கை.’

அந்த உரையாடலுக்குப் பிறகு இப்படி எழுதலாம்:

‘சிவாஜிநகரில் 1987 முதல் காபிப் பொடி விற்கிறோம். சிக்கமகளூரு, குடகுக் கொட்டைகளைத் தினமும் காலையில் கடையிலேயே வறுக்கிறோம். பீபரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா மூன்றும் கிடைக்கும். உங்கள் ஆர்டர் வந்த பிறகுதான் அரைப்போம், அதனால் காலை 11 மணிக்கு மேல் வரும் ஆர்டர் மறுநாள்தான் புறப்படும். சிக்கரி இல்லாமலும் வாங்கலாம், 20 அல்லது 30 சதவீதம் கலந்தும் வாங்கலாம். அதற்கு மேல் கலப்பதில்லை. கடையை அப்பா தொடங்கினார், இன்றும் வறுப்பது அவர்தான். இணைய ஆர்டர்களை மகள் பார்த்துக்கொள்கிறார். போன் செய்தால் எடுப்பதும் அவர்தான். எங்களுக்கு வேறு கிளை இல்லை.’

இரண்டாவது நீளம்தான். ஆனால் இரண்டாவதில் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது. கவனியுங்கள், ‘மறுநாள்தான் புறப்படும்’ என்ற வரி ஒரு குறையைச் சொல்வதுபோல் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்பார். எடுக்கக் கூடாது. தாமதத்துக்குக் காரணம் அதே வாக்கியத்தின் முன்பாதியில் இருக்கிறது, அந்தக் காரணம்தான் பொடியை வாங்க வைக்கிறது. தாமதத்தை மறைத்தால் வாடிக்கையாளர் நாளை போனில் கோபப்படுவார்.

வரிசையும் முக்கியம். என்ன விற்கிறீர்கள், எங்கே, எப்போதிலிருந்து என்பவை முதல் இரண்டு வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் போனில்தான் படிக்கிறார்கள். முதல் திரையில் பெரிய படமும் ஒரு பொன்மொழியும் மட்டும் இருந்தால் கீழே தள்ளிப் பார்க்காமலேயே போய்விடுவார்கள். மெனுவில் ‘எங்கள் பயணம்’, ‘எங்கள் கதை’ என்றெல்லாம் பெயர் வைக்காமல் ‘எங்களைப் பற்றி’ என்றே வையுங்கள், மக்கள் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்கள். மொத்தம் முந்நூறு, நானூறு சொல் போதும்.

கதை எப்போது வேலை செய்யும்?

‘கதை சொல்லுங்கள்’ என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நானும் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கதையில் ஒரு முடிவும் அதற்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும்.

மறுபடியும் எம்.டி.ஆருக்கு வருகிறேன், ஏனென்றால் பெங்களூருவில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உடுப்பிப் பக்கமிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய சிற்றுண்டிச் சாலை அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து குறைந்தது. அரிசி இல்லாமல் இட்லி எப்படிச் செய்வது என்று யோசித்து ரவையில் செய்து பார்த்தோம், ரவா இட்லி அப்படி வந்ததுதான் என்பது எம்.டி.ஆர். சொல்லும் வரலாறு. பிறகு 1975இல் நெருக்கடி நிலை வந்தது. உணவகங்கள் விலையைக் குறைக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல், நாள்தோறும் எவ்வளவு நட்டம் என்று எழுதி வைத்தபடி பரிமாறினார்கள் என்று சொல்வார்கள். கடைசியில் உணவகத்தைத் தற்காலிகமாக மூடினார்கள். வேலையாட்களைக் கைவிடாமலிருக்க மளிகையும் மசாலாவும் தயார் மாவும் பாக்கெட்டில் போட்டு விற்கும் தொழில் வளர்ந்தது.

இதை ‘புதுமையும் தரமும் எங்கள் ரத்தத்தில் ஊறியது’ என்று ஒரு வரியில் சுருக்கியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. அரிசித் தட்டுப்பாடு ரவைக்குக் காரணம், விலைக் கட்டுப்பாடு பாக்கெட்டுக்குக் காரணம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு நெருக்கடி நிற்பதால்தான் அந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள். உங்கள் கடை நூறு வருடப் பழசாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலில் நீங்கள் எடுத்த மூன்று முடிவுகளையும் ஒவ்வொன்றுக்குமான காரணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏன் மைதாவை விட்டீர்கள்? ஏன் வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஆர்டர் எடுக்கிறீர்கள்? ஏன் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கண்ணாடிக்கு மாறினீர்கள்? அவற்றில் வாடிக்கையாளருக்குப் பலன் தரும் ஒன்றை எடுத்து எழுதுங்கள். போதும்.

எதை விட வேண்டும் என்பதற்கும் இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. வயநாட்டைச் சேர்ந்த முஸ்தபாவும் அவர் உறவினர்களும் 2005இல் பெங்களூருவில் தொடங்கிய இட்லி, தோசை மாவு நிறுவனம் ஐடி ஃபிரெஷ். முஸ்தபா ஆறாம் வகுப்பில் தோற்றவர், கூலித் தொழிலாளியின் மகன், படித்து முன்னேறியவர் என்ற கதை ஊரறிந்தது. அது அவரை மதிக்க வைக்கும் கதை. ஆனால் மாவை வாங்க வைக்கும் கதை வேறு. திப்பசந்திராவில் உறவினர் நடத்திய மளிகைக் கடையில் ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் பையில் மாவு விற்றுக்கொண்டிருந்தார்கள், அந்த மாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள், நாமே சுத்தமாக அரைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சிறு கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: இடம் குறைவு என்றால் இரண்டாவது கதையை வையுங்கள். பட்ட கஷ்டத்தை எழுதுவதில் தப்பில்லை, அது பொருளைத் தொடும் இடம்வரை மட்டும் எழுதுங்கள். குழந்தைப் பருவ வறுமை, முதல் சம்பளம், அம்மாவின் ஆசி என்று நீண்டுகொண்டே போனால், மாவைத் தேடி வந்தவர் பாதியிலேயே கிளம்பிவிடுவார்.

ஒரே பெயரில் பல கடைகள்

பெங்களூருவில் ஐயங்கார் பேக்கரி இல்லாத பேட்டை உண்டா? ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் இந்த ஊரில் ரொட்டி சுடத் தொடங்கிய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் போகிறது. இன்று அந்தப் பெயரில் எத்தனையோ கடைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உரிமையாளர்கள். உங்கள் கடைக்கு அப்படிப் பொதுவான பெயர் இருந்தால், ‘நாங்கள் எந்தக் கடை’ என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தத் தெரு, யார் நடத்துகிறார், எத்தனை கிளை என்பது தெரிய வேண்டும். கிளை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். பக்கத்து வட்டாரத்தில் அதே பெயரில் வாங்கிய கேக் கெட்டுப்போனால் திட்டு உங்களுக்கு வராமலிருக்கும்.

உரிமை மாறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எம்.டி.ஆர். பெயரிலேயே இரண்டு தொழில்கள் இருக்கின்றன. பாக்கெட் உணவுத் தொழிலை 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. உணவகங்கள் மையா குடும்பத்திடமே இருக்கின்றன. பெரிய பெயருக்கே இந்தத் தெளிவு தேவைப்படுகிறது. மாமாவிடமிருந்து கடையை வாங்கி நடத்துகிறீர்களா? ‘1978இல் மாமா தொடங்கினார், 2019 முதல் நாங்கள் நடத்துகிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் பழைய வாடிக்கையாளருக்கும் நிம்மதி, புதியவருக்கும் நிம்மதி.

நேற்றுதான் தொடங்கிய கடை என்றால் அதை மறைக்க வேண்டாம். ‘பல ஆண்டு அனுபவம்’ என்று மழுப்பினால் கூகுள் மேப்பில் முதல் விமர்சனம் போன மாதத்தது என்பதை வாடிக்கையாளர் பார்த்துவிடுவார். கடைக்கு வயது இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கும். பன்னிரண்டு வருடம் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு இப்போது தையலகம் தொடங்கியவர் அந்தப் பன்னிரண்டு வருடத்தை எழுதட்டும்.

படங்கள்

கோட்டு சூட்டு போட்ட வெளிநாட்டவர்கள் கைகுலுக்கும் படத்தை ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் தளத்தில் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அந்தக் கடையில் செக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறார், எள் மூட்டை இருக்கிறது, அவை எதுவும் படத்தில் இல்லை. கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் இன்னும் நூறு தளங்களில் இருப்பது தெரிந்துவிடும். போனிலேயே எடுங்கள். ஷட்டரைத் திறந்து வைத்து, காலை வெளிச்சத்தில், வேலை நடக்கும்போது எடுங்கள். உரிமையாளர் முகம் ஒன்று, கை வேலை செய்வது ஒன்று, தெருவிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்று ஒன்று, இந்த மூன்று போதும். ஊழியர்கள் படத்தைப் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். வேலையை விட்டுப் போனவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

சென்னபட்டண மர பொம்மை விற்கிறவராக இருந்தால் கடைந்து அரக்கு ஏற்றும் படம் ஒன்றே பத்து வரிக்குச் சமம். குழந்தை அதை வாயில் வைக்கும் என்று தெரிந்துதான் தாய் இந்தப் பக்கத்துக்கு வருகிறாள். என்ன மரம், என்ன சாயம் என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். வெப்பாலை மரமும் அரக்கும் என்றால் அப்படியே சொல்லுங்கள். உங்களுக்குப் பொம்மை தரும் கைவினைஞர் வேறு ஏதாவது பெயிண்ட் பயன்படுத்துகிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் கேட்கும் விவரங்கள்

தளத்திலேயே பொருள் விற்றால், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்கும் பொருந்தும். தொழிலின் சட்டப்பூர்வப் பெயர், தலைமை இடத்தின் முகவரி, கிளைகளின் முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் வெளிப்படையாக இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் குறைதீர்ப்பு அலுவலர் என்பவர் உரிமையாளராகவே இருக்கலாம், ஆனால் பெயர் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்த பிரைவேட் லிமிடெட் என்றால் பதிவு அலுவலக முகவரியும் கம்பெனி அடையாள எண்ணும் முகப்புப் பக்கத்திலேயே வர வேண்டும். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

இதைச் சுமையாகப் பார்க்காதீர்கள். சரிபார்க்கக்கூடிய விவரம் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அரசே அதை உங்கள் கையில் கொடுக்கிறது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து கொண்டது. அது 29இல் தொடங்கினால் கர்நாடகம், 33 என்றால் தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள். பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒளித்து வைக்காமல் ‘எங்களைச் சரிபார்க்க’ என்று தலைப்பிட்டே போடலாம்.

வீட்டிலிருந்து ஊறுகாயோ சேலையோ விற்கும் பெண்கள் முகவரி போடத் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். குடும்பத்தார் பயன்படுத்தும் எண்ணைத் தவிர்த்துத் தொழிலுக்கென்று தனி எண் வாங்குங்கள். வீட்டு முகவரி வேண்டாம் என்றால் தொழிலையே ஒரு சிறு வாடகை இடத்தில் பதிவுசெய்ய முடியுமா என்று பாருங்கள். முகவரியே இல்லாமல் வாட்ஸ்அப் எண் மட்டும் போட்ட தளத்தில், உங்களை அறியாதவர் முன்பணம் அனுப்ப மாட்டார்.

முகவரியைப் பெங்களூருக்காரர் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். 5ஆவது கிராஸ் ஒவ்வொரு லேஅவுட்டிலும் இருக்கிறது. மெயின், கிராஸ், பிளாக் அல்லது ஸ்டேஜ், வட்டாரம், பின்கோடு என எல்லாம் வேண்டும். கூடவே ஓர் அடையாளமும் பக்கத்து மெட்ரோ நிலையமும் சொல்லுங்கள். கூகுள் மேப்பிலும் ஜி.எஸ்.டி. சான்றிதழிலும் தளத்திலும் கடைப் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும்.

எந்த மொழியில்?

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் நிறைந்த வட்டாரத்தில் கடை இருந்தாலும், இணையத்தில் வருகிறவர் யாராகவும் இருக்கலாம். ஆங்கிலப் பக்கம் தேவை. கன்னடப் பக்கம் கண்டிப்பாக வையுங்கள். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்ற சட்டம் தளத்தைப் பற்றியது அல்ல என்றாலும், இந்த ஊர் மக்களிடம் விற்கிறவர் அவர்கள் மொழியில் தன்னை அறிமுகம் செய்துகொள்வதுதான் மரியாதை, வியாபாரத்துக்கும் நல்லது. மொழிபெயர்ப்புச் செயலி தருவதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கன்னடம் பேசி வளர்ந்த ஒருவரை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை அவர் வாயாலேயே மாற்றிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளரில் தமிழர் அதிகம் என்றால் தமிழிலும் ஒரு பக்கம் வையுங்கள்.

எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் முதலில் எழுதுங்கள். தமிழில் யோசிப்பவர் நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் ‘உலகத் தரம்’ வகையறா வாக்கியங்கள் வரிசையாக வந்து விழுகின்றன.

போட்ட பிறகு

வெளியிடும் முன், கடையில் வேலை செய்கிறவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். “அண்ணா, அதே நாள் டெலிவரின்னு போட்டிருக்கீங்க, ஞாயித்துக்கிழமை நாம அனுப்பறதே இல்லையே” என்று அவர்தான் சொல்வார். உங்களுக்குப் பழகிப்போன பொய் அவர் கண்ணில் படும். ‘15 ஆண்டுகளாக’ என்று எழுதினால் அடுத்த வருடமே தவறாகிவிடும், தொடங்கிய ஆண்டை எழுதுங்கள். ஏப்ரலில் புதுக் கணக்குத் தொடங்கும்போது இந்தப் பக்கத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள். போன் எண் இன்னும் அதுதானா, உரிமம் புதுப்பித்தாகிவிட்டதா, படத்தில் இருப்பவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா, போன வருடம் எடுத்த புது முடிவு ஏதாவது எழுதத் தகுந்ததா என்று பார்த்து, மாற்ற வேண்டியதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.